மாமாவோட லென்ஸை அது பொறந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன்

நியூரம்பெர்க் திரும்பி மூணு நாள் ஆச்சு, படி இறங்குறப்ப வலது முட்டி இன்னும் முனகுது. தீபாவளி முடிஞ்ச கையோட எழுத உக்காந்துட்டேன், இப்ப விட்டா மறந்துரும்.

முதல்ல லென்ஸ் கதை. எங்க மாமா மாயவரத்துல போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தார். அவர்கிட்ட ஒரு ப்ராக்டிகா கேமரா, எழுபதுகள்ல மெட்ராஸ்ல ஒரு கப்பல்காரர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினது, கிழக்கு ஜெர்மனி சரக்கு. அதோட லென்ஸ்ல வரிக்குதிரை மாதிரி கறுப்பும் வெள்ளியுமா கோடு இருக்கும், முன்னாடி கண்ணாடியைச் சுத்தி ஓரஸ்டான் 1.8/50, மேயர் ஆப்டிக், கோர்லிட்ஸ்னு வட்டமா எழுதியிருக்கும். கோர்லிட்ஸ்ல வர்ற ஓ எழுத்து மேல மட்டும் ரெண்டு புள்ளி. யாரோ பேனாவால வெச்சுட்டாங்கன்னு நினைச்சு நகத்தால சுரண்டிப் பாத்து மாமாகிட்ட குட்டு வாங்கியிருக்கேன். மாமா அதை "கார்லிட்ஸ்"ம்பார், "அந்த கார்லிட்ஸை எடுத்துட்டு வாடா"ன்னா லென்ஸை எடுத்துட்டு வரணும். அது ஒரு ஊரோட பேருன்னே எனக்கு ஜெர்மனி வந்து ரெண்டாவது வருஷம்தான் தெரிஞ்சுது, அதுவும் வேற ஏதோ ரயிலைத் தேடிட்டு ஸ்டேஷன் போர்டைப் பாத்துட்டு நின்னப்ப.

கேமரா செத்து இருபது வருஷம் இருக்கும். லென்ஸ் என்கிட்ட வந்துச்சு, அடாப்டர் போட்டு இப்ப என் சோனில மாட்டுறேன். இந்தத் தடவை அஞ்சு நாள் லீவு, சாக்ஸனி (ஜெர்மனியோட கிழக்கு ஓர மாநிலம், கோர்லிட்ஸ் இங்கதான்), இந்த ஒரே ஒரு லென்ஸ்னு முடிவு பண்ணிட்டேன். "லேண்ட்ஸ்கேப் எடுக்கப் போறவன் வைட் லென்ஸ் இல்லாம போவானாடா"ன்னு ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான்.

2024 அக்டோபர் 25, வெள்ளி: டிரெஸ்டன்

அப்ப 49 யூரோவா இருந்த மாச டிக்கெட்ல மெதுவா போற ரயில்ல மட்டும்தான் ஏற முடியும், அதனால காலைல கிளம்பி மதியம் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேந்தேன். எட்டு டிகிரி, மழையும் இல்ல வெயிலும் இல்ல, வானம் பூரா அலுமினியப் பாத்திரத்து அடி மாதிரி.

ஃப்ராவன்கிர்ஹேதான் முதல்ல. 1743-ல கட்டி முடிச்ச சர்ச். 1945 பிப்ரவரி 13 ராத்திரி குண்டு விழுந்து ஊரே எரிஞ்சப்பகூட இது நின்னுதாம், சூட்டுல கல்லெல்லாம் வெந்து பதினஞ்சாம் தேதி காலைலதான் அப்படியே உக்காந்துருச்சு. அப்புறம் நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கல்குவியலாவே கிடந்து, 1994-ல வேலை ஆரம்பிச்சு 2005 அக்டோபர்ல திறந்தாங்க. இடிஞ்சதுல தேறின பழைய கல்லை எல்லாம் கணக்கெடுத்து முடிஞ்சவரைக்கும் பழைய இடத்துலயே வெச்சிருக்காங்க. அதனால வெளிச்சுவர் பூரா வெளிர் மஞ்சள், நடுநடுவுல கரேல்னு ஒத்தை ஒத்தைக் கல்லு. தீல கருகினதுன்னு பக்கத்துல ஒரு அப்பா பிள்ளைக்கு சொல்லிட்டிருந்தார், முழுசா சரியில்ல. இந்த ஊரு மணற்கல்லுல இரும்பு இருக்கு, காத்துபட்டு வருஷம் போகப்போக தானாவே கறுக்கும். அப்ப புதுக் கல்லும் ஒருநாள் கறுத்துரும், எது பழசு எது புதுசுன்னு தெரியாத ஒரு சர்ச்சை யாரோ போட்டோ எடுப்பாங்க.

உச்சிச் சிலுவையைச் செஞ்ச லண்டன் பொற்கொல்லரோட அப்பா, குண்டு போட வந்த விமானத்தை ஓட்டினவங்கள்ல ஒருத்தர். இதை கைடுபுக்ல படிச்சுட்டு மேல நிமிந்து பாத்துட்டே, 50 எம்எம்ல கோபுரம் முழுசா அடங்கலயேன்னு பின்னாடி நகந்து நகந்து போயி ஒரு பாட்டியோட சைக்கிள் மேல விழுந்துட்டேன். அந்தம்மா முதல்ல சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாங்க, பெல் அடிக்குதான்னு ரெண்டு தடவை அடிச்சுப் பாத்தாங்க, அப்புறம்தான் நான் எந்திரிச்சுட்டேனான்னு பாத்தாங்க. "ஒண்ணும் ஆகல"ன்னாங்க. சைக்கிளைத்தான் சொன்னாங்கன்னு நினைக்கிறேன்.

உள்ள போட்டோ எடுக்கக் கூடாது. நல்லதாப் போச்சு, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்தேன்.

ஆத்துப் பக்கம் போனா கரோலா பாலத்தைக் காணோம். காணோம்னா பாதி காணோம். ஆறு வாரம் முன்னாடி, செப்டம்பர் 11 விடியக்காலைல மூணு மணிக்கு, ட்ராம் ஓடுற பக்கம் அப்படியே எல்பா ஆத்துக்குள்ள விழுந்துருச்சு, கடைசி ட்ராம் போயி கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்துச்சாம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. கரையில நிக்கிற கூட்டத்தைப் பாத்தா சர்ச்சை விட இதைத்தான் ஜாஸ்தி பேர் போட்டோ எடுத்துட்டிருந்தாங்க. நானும் எடுத்தேன், பின்ன.

சாயங்காலம் ட்ராம் பிடிச்சு டெக்னிக்கல் மியூசியம். சுத்துலாக்காரங்க யாரும் வர்றதில்ல போல, மொத்தமே எட்டு பேர் இருந்தோம். பழைய எர்னமான் கேமரா பேக்டரிக் கட்டடம், கோபுரத்தோட. கேமரான்னா ஜப்பான்னு நினைக்கிற நம்ம தலைமுறைக்கு இது புரியவே புரியாது. கேமராவுக்குள்ள கண்ணாடி வெச்சு லென்ஸ் வழியாவே பாக்குற 35 எம்எம் கேமராவை, கீனே எக்ஸாக்டான்னு பேரு, 1936-லயே இந்த ஊர்க்காரன் வித்தான். கண்ணு மட்டத்துல நேரா பாக்குற மாதிரி பெண்டாப்ரிசம்னு ஒரு பட்டைக் கண்ணாடி வெச்ச கான்டாக்ஸ் எஸ் 1949-ல இதே ஊர்ல வந்துச்சு. அந்த பெண்டாவும் கான்டாக்ஸும் சேந்ததுதான் பெண்டகான்ங்கிற கேமரா கம்பெனிப் பேரு. கண்ணாடி அலமாரில மாமாவோடது மாதிரியே ஒரு ப்ராக்டிகா, பளபளன்னு. மாமாவோடதுல மூலையில பித்தளை தெரியும், விரல் பட்டுப் பட்டுத் தேஞ்சது. இதை யாரும் தொட்டதே இல்ல போல.

ராத்திரிக்கு எயர்ஷெக்கே. கீழ மாவு, நடுவுல தயிரும் இல்லாம பன்னீரும் இல்லாம குவார்க், மேல முட்டைக் கஸ்டர்டு, மூணு அடுக்கு. ஒரு துண்டு 3.80. ரெண்டு துண்டு சாப்ட்டு அதையே டின்னர்னு வெச்சுக்கிட்டேன்.

அக்டோபர் 26, சனி: ராதன்

டிரெஸ்டன்ல இருந்து எஸ்-பான்ல, அதாவது புறநகர் ரயில்ல, முக்கால் மணி நேரம்கூட இல்ல. ஸ்டேஷன் ஆத்துக்கு இந்தப் பக்கம், ஊரும் பாஸ்டெய் பாறைகளும் அந்தப் பக்கம், நடுவுல பாலம் கிடையாது. ஒரு படகு இருக்கு, அதுல இன்ஜின் சத்தமே இல்ல. மேல ஆத்துல எங்கயோ நங்கூரம் போட்டு நீள கம்பி, படகைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா ஆத்து ஓட்டமே தள்ளிட்டுப் போயி அக்கரையில விடுது. இவ்வளவு அமைதியா ஒரு வண்டில நான் போனதே இல்ல. படகுக்காரர்கிட்ட ஐம்பது யூரோ நோட்டை நீட்டினேன், அவர் நோட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், ஆத்தைப் பாத்தார். பின்னாடி நின்ன ஒரு பொண்ணு சில்லறை குடுத்துட்டு, திருப்பிக் குடுக்குறேன்னு சொல்ல வாயைத் திறக்குறதுக்குள்ள நாயோட நடந்து போயிட்டா.

பென்ஷன்னு சொல்ற வீட்டு ரூம். ஓனரம்மாவுக்கு எழுவது வயசு இருக்கும். காலைல ஏழு மணிக்கு சாப்பாடு கிடைக்குமான்னு கேட்டேன், "நு"ன்னாங்க. சரி கிடைக்காது போலன்னு எட்டு மணிக்குன்னு கேட்டேன், அதுக்கும் "நு". ஒன்பது? "நு, நு". எனக்கு லேசா கோவமே வந்துருச்சு. அப்புறம்தான் அவங்க வீட்டுக்காரர் சிரிச்சுட்டே சொன்னார், சாக்ஸன் பேச்சுல நு-ன்னா ஆமா. நாலு வருஷம் ஜெர்மன் கிளாஸ் போனேன், ஒருத்தரும் இதைச் சொல்லித் தரல.

மத்தியானம் பூரா தூறல். கீழ இருந்து பாறையை அண்ணாந்து பாத்தா பாதிக்கு மேல மேகம். சும்மா ஊரைச் சுத்தினேன், ஒரு தாத்தா மழையில நின்னு சீமையாடு மாதிரி செதுக்கின புதரை இன்னும் செதுக்கிட்டிருந்தார், அதை ஒரு போட்டோ, அவ்வளவுதான் அன்னைக்கு தேறினது. ராத்திரி எட்டு பத்துக்கு ஓட்டலுக்குப் போனா கிச்சன் எட்டுக்கே மூடியாச்சு. திரும்பி வந்தவன் மூஞ்சியைப் பாத்தே ஓனரம்மாவுக்குத் தெரிஞ்சுருச்சு, ரொட்டி, வெண்ணெய், ஊறப்போட்ட வெள்ளரிக்கா, ரெண்டு வகை சாசேஜ் எல்லாம் ஒரு பலகைல வெச்சுக் கொண்டு வந்தாங்க. காசு வாங்கல. பக்கத்துலயே உக்காந்து என்னமோ நிறைய சொன்னாங்க, நாளைக்கு, ராத்திரி, மணின்னு நாலஞ்சு வார்த்தை காதுல விழுந்துச்சு, மிச்சமெல்லாம் சாக்ஸன். புதுசா கத்துக்கிட்ட வார்த்தையை யூஸ் பண்ணுவோமேன்னு "நு, நு"ன்னு தலையாட்டினேன்.

அக்டோபர் 27, ஞாயிறு: பாஸ்டெய்

சூரியன் வர்றதுக்கு முன்னாடி மேல இருக்கணும். போன் சார்ஜ் போதாதுன்னு ஆஃப் பண்ணிட்டு கைல இருக்கிற கேசியோல அலாரம் வெச்சேன். அஞ்சேகாலுக்கு எந்திரிச்சு, ஹெட்லேம்ப் மாட்டிட்டு, முக்கால் மணி நேரம் படி. காடு பூரா இருட்டு, ஈர இலை, அங்கங்க பாறைல இருந்து தண்ணி சொட்டுற சத்தம். ஒரு இடத்துல படினு நினைச்சு வேர்ல கால் வெச்சேன், முட்டி போனது அங்கதான். கேமராவை மட்டும் தூக்கிப் பிடிச்சுட்டு விழுந்தேன், மாமா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

மேல போயி நின்னா ஒரு ஆள் இல்ல. இன்ஸ்டாகிராம்ல ஜெர்மனின்னு தேடினா முதல் பத்துல வர்ற இடம், சூரியோதயத்துக்கு இடம் பிடிக்க சண்டை நடக்கும்னு எழுதியிருந்தாங்க, இங்க காத்து மட்டும்தான். ஆறரை ஆச்சு, இருட்டு. ஏழு ஆச்சு, கிழக்குல ஒரு கோடு வெளிச்சம்கூட இல்ல. ஏதோ தப்பு பண்றோம்னு தோணி போனை ஆன் பண்ணேன். மணி ஆறு. அக்டோபர் கடைசி ஞாயிறு, ராத்திரியோட ராத்திரியா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சுட்டாங்க. ஓனரம்மா ராத்திரி உக்காந்து சொன்னது இதைத்தான். நான் நு நு-ன்னு தலையாட்டினதும் இதுக்குத்தான்.

மூணு டிகிரில சும்மா நிக்க முடியாம பாலத்துல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். 76 மீட்டர் சொச்சம் நீளம், ஏழு வளைவு, கீழ நாப்பது மீட்டர் பள்ளம். முதல்ல மரப்பாலம்தான் இருந்துச்சு, இந்தக் கல் பாலம் 1851-ல கட்டினது, எங்கயும் போறதுக்கு இல்ல, பாறைக்கும் பாறைக்கும் நடுவுல நின்னு வேடிக்கை பாக்குறதுக்குன்னே கட்டின பாலம். ஹெட்லேம்ப் வெளிச்சத்துல பாறைல பதிச்ச ஒரு பலகை தெரிஞ்சுது. ஹெர்மன் க்ரோனேன்னு டிரெஸ்டன்ல இருந்த போட்டோகிராபர், 1853-ல இங்க வந்து படம் எடுத்தவர்னு இருக்கு. அந்தக் காலத்து ஈரத்தட்டு முறைல கண்ணாடித் தட்டுல மருந்து பூசி, அது காயுறதுக்குள்ள படம் எடுத்து, அங்கயே கழுவணும். அதாவது கேமராவோட சேத்து டார்க் ரூமையும் கண்ணாடியையும் மருந்து பாட்டிலையும் மேல கொண்டு வரணும். நான் அறுநூறு கிராம் கேமராவும் ஒரு லென்ஸும் தூக்கிட்டு வந்து முட்டியைப் பேத்துக்கிட்டேன்.

நிஜ மணிக்கு ஆறேகால் இருக்கும், ட்ரைபாடோட ஒரு பெரியவர் வந்தார். குட்டன் மோர்கன் சொல்லிட்டு, எதுவும் கேக்காம பிளாஸ்க்ல இருந்து காபி ஊத்தி நீட்டினார். தண்ணி மாதிரி இருந்துச்சு. பூக்காபின்னார், கப்புக்கு அடில வரைஞ்சிருக்கிற பூ தெரியுற அளவுக்கு லைட்டா போட்டா சாக்ஸன்ல அப்படிச் சொல்றதாம். ரெண்டு பேரும் பாலம் முழுசா தெரியுற ஃபெர்டினாண்ட் பாறைப் பக்கம் போனோம். என் லென்ஸைப் பாத்ததும் கிட்ட வந்து கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிச்சார். "ஓரஸ்டான்"னார். இளந்தாரியா இருந்தப்ப இதே லென்ஸோட ப்ராக்டிகா வாங்க ஒரு கோடை பூரா செங்கல் சூளைல வேலை பாத்தாராம், கல்யாணத்துக்கு அப்புறம் குளிர்சாதனப் பெட்டி வாங்க அதை வித்துட்டாராம். "பெட்டி இன்னும் ஓடுது"ன்னார், அதுல சந்தோஷம் இருந்துச்சா வருத்தமான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

வெளிச்சம் வந்துச்சு. கீழ எல்பா தெரியல, பள்ளத்தாக்கு பூரா பால் பொங்கின மாதிரி மூடுபனி, அதுக்கு மேல பாறை மட்டும் விரல் விரலா நீட்டிட்டிருந்துச்சு. காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஹ் வரைஞ்ச, பனிக்கடல் மேல முதுகைக் காட்டிட்டு நிக்கிற மனுஷன் படம் நிறைய பேர் பாத்திருப்பீங்க, அதுல இருக்கிற பாறை பலதும் இந்தப் பகுதில அவர் ஸ்கெட்ச் போட்டதுதான். அந்த நேரம் பாத்து என் லென்ஸ் கண்ணைத் திறந்து வெச்சுட்டு மூட மாட்டேன்னுச்சு. பழைய எண்ணெய் குளிர்ல இறுகி அப்பர்ச்சர் இதழ் (வெளிச்சம் வர்ற ஓட்டையைச் சுருக்குற தகடு) ஒட்டிக்கிச்சு, வளையத்தைத் திருப்புறேன், 8, 11, 16, உள்ள ஒண்ணும் அசையல, 1.8-லயே நிக்குது. கழட்டி ஜாக்கெட்டுக்குள்ள அக்குள்ல வெச்சு பச்சப்புள்ளயாட்டம் சூடுபண்ணேன். பெரியவர் அவர் பாட்டுக்கு படம் எடுத்துட்டே, "பழசுக்கு எல்லாம் அப்படித்தான், எனக்கும் காலைல முட்டி மடங்காது"ன்னார். பத்து நிமிஷத்துல ரெண்டு இதழ் அசைஞ்சுது, மிச்சம் அசையல. கடைசில 1.8-லயே எடுத்தேன். ஓரமெல்லாம் இருட்டி, பாலம் நடுவுல லேசா எண்ணெய் தடவின மாதிரி மினுங்குது. ஷார்ப்னு சொல்ல முடியாது. ஆனா என் லேப்டாப் ஸ்க்ரீன்ல இப்ப அதுதான் இருக்கு.

எட்டரைக்கு பஸ் பஸ்ஸா கூட்டம் வர ஆரம்பிச்சுது. பென்ஷன்ல ஓனரம்மா என் முட்டியையும் வாட்சையும் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லல, அவிச்ச முட்டை மட்டும் ரெண்டு எக்ஸ்ட்ரா.

அக்டோபர் 28, திங்கள்: புல்ஸ்னிட்ஸ்

இது பிளான்ல இல்ல. டிரெஸ்டன்ல இருந்து காமென்ஸ் போற ரயிலோட ஸ்டாப் லிஸ்ட்ல புல்ஸ்னிட்ஸ்னு பாத்ததும் எங்கயோ கேட்ட பேரா இருக்கேன்னு தோணுச்சு, அப்புறம் ஸ்கூல் ஞாபகம் வந்துச்சு. மாயவரத்துல இருந்து தரங்கம்பாடி ஒரு மணி நேர பஸ். ஏழாவதுல டூர் கூட்டிட்டுப் போனாங்க, டேனிஷ் கோட்டை, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவோட கல்லறை இருக்கிற சர்ச், திரும்பி வர்றப்ப ஒருத்தன் பஸ்ல வாந்தி. 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடில இறங்கின அந்த சீகன்பால்கு, 1682-ல பொறந்தது இந்த புல்ஸ்னிட்ஸ்ல.

ஊரு நம்ம தாலுகா டவுன் சைஸ்கூட இல்ல. சந்தை மைதானத்துல ஒரு சிலை, கோட்டு போட்டுட்டு கம்பீரமா. ஆஹா நம்மாளுன்னு நாலு பக்கமும் சுத்திச் சுத்தி பன்னண்டு போட்டோ எடுத்தேன், கிட்டப் போயி பேரைப் படிச்சா அது ரீட்ஷல். வைமார்ல கவிஞர்கள் கோத்தேயும் ஷில்லரும் சேந்து நிக்கிற சிலையைச் செஞ்ச சிற்பி, அவரும் இந்த ஊர்க்காரர். சிற்பிக்கே சிலை.

இந்த ஊரு ஃபேமஸ் ஆனது ரெண்டு பேராலயும் இல்ல, ஃபெஃபர்கூஹன்னு ஒரு பதார்த்தத்தால. நேரா சொன்னா மிளகு கேக், ஆனா மிளகு கிடையாது. அந்தக் காலத்துல கடல் தாண்டி வர்ற எல்லா மசாலாவையும் மிளகுன்னே சொல்லிட்டாங்க. 1558-ல இருந்து இதைச் சுட இந்த ஊருக்கு உரிமை இருக்காம். மாவுல வெண்ணெய் நெய் எதுவும் சேக்க மாட்டாங்க, பிசைஞ்சு வாரக்கணக்கா ஊற விட்டுத்தான் சுடுவாங்க. கடைக்குள்ள போனதும் அடிச்ச வாசனைல ஒரு செகண்ட் எங்க வீட்டு அலமாரி டப்பா ஞாபகம் வந்துருச்சு, ஏலக்கா, கிராம்பு, பட்டை. வீட்டுல அம்மா வேற தீபாவளிக்கு அதிரசத்துக்குப் பாகு வெச்சு மாவு ஊறப் போட்டிருக்கேன்னு காலைலதான் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருந்தாங்க.

கடைக்கார அம்மாகிட்ட சீகன்பால்கு பத்திக் கேட்டேன். என் உச்சரிப்பு நம்மூர் உச்சரிப்பு, அவங்களுக்குப் புரியல. போன்ல எழுதிக் காட்டினேன். "ஓ, ட்ஸீகென்பால்க்! மிஷனரி"ன்னுட்டு, அவர் எங்க போனார் தெரியுமான்னு எனக்கே சொல்ல ஆரம்பிச்சாங்க. எங்க ஊருக்கு ஒரு மணி நேரம்னு சொன்னேன். நம்பல. கூகுள் மேப்பைத் திறந்து காட்டினேன், ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பாத்துட்டு, கிச்சன் பக்கம் திரும்பிக் குரல் குடுத்தாங்க, உள்ள இருந்து மாவுக்கையோட ஒருத்தர் வந்து அவரும் பாத்தார். "அங்க சூடா இருக்குமோ?"ன்னார். அக்டோபர்ல மழைன்னேன். தலையாட்டிட்டு உள்ள போயிட்டார்.

சீகன்பால்குகிட்ட எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. தமிழ் அச்சு எழுத்தை ஜெர்மனில ஹாலேல வார்த்து கப்பல்ல அனுப்பினாங்க, வந்து பாத்தா ஒவ்வொரு எழுத்தும் பெருசு பெருசா, பைபிள் போட்டா பேப்பரே பத்தாது. அப்புறம் தரங்கம்பாடிலயே, பாலாடைக்கட்டி டப்பா மூடியோட ஈயத்தை உருக்கி சின்ன எழுத்து வார்த்தாங்களாம். இதை அந்த அம்மாகிட்ட சொல்ல ட்ரை பண்ணேன், "பாலாடைக்கட்டி"யும் "எழுத்து"ம் ஒரே வாக்கியத்துல வந்ததும் அவங்க பாவமா பாத்தாங்க, விட்டுட்டேன்.

சாக்லேட் முக்கினது ஒரு பாக்கெட், வெறும் கேக் ரெண்டு பாக்கெட், 14 யூரோ. கேஷ் மட்டும்.

அக்டோபர் 29, செவ்வாய்: கோர்லிட்ஸ்

வழியில பௌட்ஸன் ஸ்டேஷன் போர்டுல பேரு ரெண்டு மொழில, ஜெர்மன்லயும் சோர்பியன்லயும் (இந்தப் பக்கத்து ஸ்லாவிய மக்களோட மொழி). எதிர் சீட்டுல ரெண்டு பொண்ணுங்க பேசிட்டு வந்தது ஜெர்மன் மாதிரி இல்ல, அதுதான் போல. கேக்க வெக்கமா இருந்துச்சு.

ஸ்டேஷன்ல இறங்கினதும் முதல் வேலையா பேர்ப்பலகை. ஓ மேல ரெண்டு புள்ளி. இங்க யாரும் கோர்லிட்ஸ்னும் சொல்றதில்ல, கார்லிட்ஸ்னும் சொல்றதில்ல, வாயைக் குவிச்சுட்டு கெர்லிட்ஸ் மாதிரி ஒண்ணு. அந்த லென்ஸாலயே அந்தப் பேரை எடுத்தேன், கை கொஞ்சம் நடுங்குச்சு, குளிருதான்.

பேக்டரியைத் தேடிப் போனேன். ஹுகோ மேயர் 1896-ல ஆரம்பிச்ச கம்பெனி, அப்புறம் கம்யூனிஸ்ட் காலத்துல அரசாங்கத்தோடது ஆகி, 1968-ல டிரெஸ்டன் பெண்டகானோட சேத்துட்டாங்க, பெர்லின் சுவர் விழுந்து ரெண்டு வருஷத்துக்குள்ள இழுத்து மூடிட்டாங்க. மேப்ல யாரோ குத்தி வெச்ச ஒரு புள்ளியை நம்பி முக்கா மணி நேரம் நடந்தா நீளமா ஒரு கட்டடம், பெரிய பெரிய ஜன்னல். போர்டு எதுவும் இல்ல. இதுதானான்னு இப்பவும் எனக்கு உறுதியில்ல. லென்ஸை நேரா அதுக்குக் காட்டிட்டு ரெண்டு நிமிஷம் நின்னேன், எதுக்குன்னு கேக்காதீங்க. பின்னாடி ஒரு கார் ஹார்ன் அடிச்சுது, நான் நின்னது அவர் பார்க்கிங். கண்ணாடியை இறக்கி என்ன எடுக்குறீங்கன்னார். இந்த லென்ஸ் இங்க செஞ்சதுன்னு காட்டினேன். "நல்லது, கொஞ்சம் தள்ளுங்க"ன்னார்.

பழைய ஊரு மட்டும் வாயடைச்சுப் போற மாதிரி. போர்ல குண்டு விழாத ஊரு, பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் மட்டுமே நாலாயிரம். ஆனா கம்யூனிஸ்ட் காலத்துல பராமரிக்க ஆளில்லாம உதிர ஆரம்பிச்சுருச்சு. அப்ப ஒரு விஷயம் நடந்துச்சு. 1995-ல யாரோ ஒருத்தர் பேரு சொல்லாம பத்து லட்சம் மார்க் அனுப்பினார். அடுத்த வருஷமும். அதுக்கு அடுத்த வருஷமும். யூரோ வந்தப்புறம் 5,11,500 யூரோவா, 2016 வரைக்கும் வருஷா வருஷம் வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு. யாருன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணக் கூடாதுங்கிறதுதான் நிபந்தனை. நம்மூர்ல கோயிலுக்கு ட்யூப் லைட் வாங்கிக் குடுத்தா அது மேலயே உபயம்னு பேரு எழுதி வெளிச்சத்துல பாதியை மறைச்சுருவோம், அதை நினைச்சு சிரிச்சுட்டே நடந்தேன்.

உண்டர்மார்க்ட்ங்கிற சந்தைச் சதுக்கத்துல ஒரு வாசல் வளைவு, கிசுகிசு வளைவும்பாங்க. வளைவுல குழி மாதிரி ஒரு பள்ளம் ஓடுது, இந்த முனைல வாயை வெச்சு மெதுவா பேசினா அந்த முனைல காதை வெச்சவங்களுக்குக் கேக்கும். அந்தப் பக்கம் ஆறேழு வயசுப் பையன் காதை வெச்சுட்டு யாராவது பேசுவாங்களான்னு காத்துட்டு நின்னான், அவங்க அம்மா போன்ல. நான் போயி "சாப்ட்டியா"ன்னேன். அவன் நிமிந்து என்னைப் பாத்தான். திரும்ப வாயை வெச்சான். "சாப்டியா." இந்தப் பயணத்துலயே நல்ல போட்டோ அதுதான் வந்திருக்கணும், கேமரா பைக்குள்ள இருந்துச்சு.

மத்தியானம் நைஸ ஆத்து மேல நடைபாலத்தைத் தாண்டினா போலந்து. 1945-ல எல்லையை ஆத்து நடுவுல போட்டதும் ஊரு ரெண்டா ஆச்சு, அந்தப் பக்கம் ஸ்கோஷெலெத்ஸ். போர்ல தகர்ந்த பாலத்தைத் திரும்பக் கட்டினது 2004-ல. பியரோகி சாப்ட்டேன், 28 ஸ்லாட்டி, கிட்டத்தட்ட ஆறரை யூரோ. நம்ம சோமாசி உருவம், கொழுக்கட்டை உடம்பு, உள்ள உருளைக்கிழங்கும் வெண்பன்னீரும், மேல வெங்காயம் பொன்னிறமா வதக்கிக் கொட்டியிருந்தாங்க. பச்சமிளகா இருந்திருந்தா அழுதிருப்பேன். திரும்பி வர்றப்ப பாலத்தோட ஜெர்மன் முனைல ரெண்டு போலீஸ், பாஸ்போர்ட். ரூம்ல. ரெசிடென்ஸ் கார்டும் ரூம்ல. போன்ல போட்டோ இருந்துச்சு, அதைப் பாத்து, எங்கயோ பேசி, இருபது நிமிஷம் நிக்க வெச்சு, அடுத்த தடவை ஒரிஜினல் வேணும்னு தன்மையாத்தான் சொன்னாங்க. அதுல ஒருத்தர் கேமராவைப் பாத்து "ஃபிலிமா?"ன்னார். டிஜிட்டல், லென்ஸ் மட்டும் உங்க ஊருதுன்னேன். தான் ஹாம்பர்க்னார்.

ஆத்தோரமா திரும்பி நடக்குறப்ப பார்க்ல ஒரு கல்லு. 15 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இந்த ஊரு வழியாத்தான் போகுதாம், மத்திய ஐரோப்பா நேரமே இந்தக் கோட்டை வெச்சுத்தான். அதாவது ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நான் பாறை மேல நடுங்கிட்டு நின்ன அந்த ஒரு மணி நேரத்தோட பூர்வீகம் இது. கேசியோவை அங்க நின்னு திருத்தி வெச்சேன். மூணு நாளா மனக்கணக்குல ஓட்டிட்டிருந்தேன், சோம்பேறித்தனம்தான்.

ரூமுக்கு வந்து ஸ்டேஷன் பேர்ப்பலகை போட்டோவை மாமாவுக்கு அனுப்பினேன். போன வருஷம்தான் கண்புரை ஆபரேஷன் ஆச்சு அவருக்கு. நம்மூர்ல ராத்திரி பத்தரை தாண்டியிருக்கும், தூங்கியிருப்பார்னு நினைச்சேன், ரெண்டே நிமிஷத்துல போன்.

"கார்லிட்ஸாடா இது?"

"ஆமா மாமா. உங்க லென்ஸ்லயே எடுத்தேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, பெருசு பண்ணிப் பாக்குறார் போல.

"ஃபோகஸ் பின்னாடி போயிருக்கு பாரு. எழுத்துல வெக்கல நீ, பின்னாடி கம்பத்துல வெச்சிருக்க. நாளைக்குக் காலைல போயி திரும்ப எடு."

ரயில் எட்டேகாலுக்கு. ஏழரைக்கே போயி ஆறு போட்டோ எடுத்தேன், நாலாவது பரவால்லன்னார்.